கோயாவின் பேருருவன்

கண்டவுடன் தம் பொருளை முழுவதும் சொல்லிவிடும் ஓவியங்கள் உள. எத்தனை முறை கண்டாலும் ஏதோ ஒன்றைச் சொல்லாது தம்முள் வைத்துக்கொள்ளும் ஓவியங்களும் உள. பின்னைய வகையைச் சேர்ந்த சிறு படமொன்றையும், அதனை ஆக்கிய பெரியார் ஒருவரின் வாழ்க்கையையும் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அது வண்ணப் படமன்று. செப்புத் தகட்டிலிருந்து கரிய மசியினால் தாளிற் பதித்தெடுக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ 11 அங்குலம். அகலம் 8 அங்குலம். மாணாக்கரின் பள்ளிக் கொப்பித் தாளினும் சற்றே பெரிது, அவ்வளவுதான். அச்சிறு பரப்பினுள்ளே, உலகின் விளிம்பில், ஒரு பேருருவன் அமர்ந்திருக்கின்றான். ஆடையற்ற மேனி, அகன்ற முதுகு. அவனுக்குக் கீழே வெளிகளும் ஊர்களும் எறும்புப் புற்றுக்கள்போலச் சிறுத்துக் கிடக்கின்றன. மேலே, இருண்ட வானத்தில், மெல்லிய பிறை. அவன் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாக எதனையோ நோக்குகின்றான். விடியற்காலத்து ஒளிபோல ஓர் ஒளி அவன் மேனியிற் படிகின்றது. இவன் ஊரைக் காக்க வந்தவனா, அழிக்க வந்தவனா? எழப்போகின்றானா, இப்பொழுதுதான் அமர்ந்தானா? படத்தின் கீழ் ஒரு சொல்லேனும் பொறிக்கப்படவில்லை. பேருருவன் என்னும் பெயரும் பிற்காலத்தார் இட்டதே.

இதனை ஆக்கியவர் ஸ்பானிய நாட்டு ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா. படத்தின் பொருள் இதுதான் என்று நான் அறுதியிட்டுக் கூறப் புகவில்லை. அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறியவேண்டும். ஆக்கிய கை எத்தகைய வாழ்க்கையைக் கடந்து வந்தது என்பதையும் அறியவேண்டும். இவ்விரண்டையும் அறிந்தபின், பொருள் யாது என்னும் கேள்வியே வேறு வடிவம் கொள்ளும் என்பது என் துணிபு.

தோல்வியில் தொடங்கிய வாழ்க்கை

கோயா 1746ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30ஆந் திகதி, ஸ்பெயின் தேசத்து அரகோன் பகுதியிலே, புவெந்தெதோதோஸ் என்னும் வறண்ட சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பொன்முலாம் பூசுந் தொழிலாளர். குடும்பம் சரகோசா நகரிற் குடியேறியபின், ஏறத்தாழப் பதினான்காம் வயதில் லுசான் என்னும் ஓவியரிடம் மாணாக்கராயினார். அக்காலத்து மாணாக்கர் செய்ததையே அவரும் செய்தார்: பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

தலைநகராகிய மட்ரிட்டிலே சான் பெர்னாந்தோ கலைக்கழகம் நடத்திய போட்டிகளுக்கு 1763இலும் 1766இலும் விண்ணப்பித்தார். இருமுறையும் பரிசில்லை. பின்னர் இத்தாலிக்குச் சென்று, 1771இல் பார்மா நகரத்துப் போட்டியொன்றில் நன்மதிப்புப் பெற்று மீண்டார். 1773இல் ஹோசேபா என்னும் பெண்ணை மணந்தார். அவளுடைய தமையன் பயேயு அரண்மனையிற் செல்வாக்குடைய ஓவியர். மைத்துனரின் துணையால் 1775 முதல் அரச திரைச்சீலைச் சாலைக்கு மாதிரிப் படங்கள் எழுதும் வேலை வாய்த்தது. பட்டம் விடுவோர், கண்கட்டி விளையாடுவோர், வெயிலுக்குக் குடை பிடிப்போர் என்று இனிய காட்சிகள் பலவற்றை அவர் எழுதினார். அக்காலத்துக் கோயாவைக் கண்டோர், அவர் கையிலிருந்து பின்னாளில் பேய்களும் பிணங்களும் பிறக்கும் என்று கனவிலும் எண்ணியிரார்.

பள்ளமே எழுத்து

1778ஆம் ஆண்டளவில் அவர் ஒரு புதிய தொழிலைத் தாமே பயிலத் தொடங்கினார். அரண்மனைச் சேகரத்தில் இருந்த வெலாஸ்கெஸ் என்னும் முன்னோரின் ஓவியங்களைச் செப்புத் தகட்டில் எழுதிப் பதிப்பித்தார். பெரியோரின் பாடலைப் படியெடுத்துக் கவித்துவம் பழகுவார்போல, வெலாஸ்கெஸின் ஒளியையும் நிழலையும் ஊசி முனையாற் படியெடுத்துப் பழகினார் எனலாம்.

எச்சிங் எனப்படும் இத்தொழிலின் இயல்பை நம்மவர்க்கு விளக்குதல் எளிது. என் மாணாக்கர்க்கு இதனைச் சொல்லும்பொழுது நான் பழைய ஏட்டுச் சுவடியொன்றையே எடுத்துக் காட்டுவேன். பனையோலையில் எழுத்தாணியாற் கீறியபின், கரியும் எண்ணெயும் கலந்த மையைத் தடவித் துடைத்துவிடுவர். மேற்பரப்பிற் பட்ட கரி நீங்கிவிடும். கீறலினுள் நுழைந்த கரி தங்கிவிடும். எழுத்துக் கண்ணுக்குப் புலனாகும். மேடு வெறுமை, பள்ளமே எழுத்து. செப்புத் தகட்டுப் படத்துக்கும் இதுவே அடிப்படை.

வேறுபாடு யாதெனில், செம்பைக் கீறுவது ஓவியன் கையன்று, திராவகம். மெருகிட்ட தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு இடப்படும். ஓவியன் ஊசியால் அப்பூச்சை மட்டுமே கீறுவான். தாளில் எழுதுகோல் செல்வதுபோல ஊசி தடையின்றிச் செல்லும். பின்னர்த் தகட்டைத் திராவகத்துள் இடுவர். பூச்சு நீங்கிய கோடுகள் வழியே திராவகம் செம்பை அரிக்கும். குறைந்த நேரம் அரித்த கோடு மெலிந்தும், நீண்ட நேரம் அரித்த கோடு ஆழ்ந்து கருத்தும் தோன்றும். பூச்சை அகற்றி, மசியைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை மேலே வைத்து உருளை இயந்திரத்துள் அழுத்திச் செலுத்தினால், பள்ளங்களிற் கிடந்த மசியைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். தகட்டில் வலமாக இருந்தது தாளில் இடமாகும். ஆதலின் ஓவியன் எதனையும் தலைமாறாக எண்ணியே எழுதவேண்டும்.

இத்தொழிலில் ஓவியனுக்கு ஒரு விடுதலை உண்டு. வண்ண ஓவியத்தைப் பணம் கொடுப்பவன் கேட்பான். அரசன் தன் முகத்தை எழுதச் சொல்வான். கோயில் தன் சுவரை எழுதச் சொல்வான். செப்புத் தகடோ சிறியது; அதில் எதனை எழுதலாம் என்று கட்டளையிட எவருமில்லை. கோயா இவ்விடுதலையின் பயனை முழுவதும் உணர்வதற்கு இன்னும் பல ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

செவி மூடியது, கண் திறந்தது

அவர் உத்தியோகம் உயர்ந்துகொண்டே போயிற்று. 1780இல் கலைக்கழகம் அவரை அங்கத்தவராக ஏற்றது. இருமுறை தள்ளிய அதே கழகந்தான். 1789இல் நான்காம் சார்ள்ஸ் மன்னரின் அரண்மனை ஓவியராயினார். பிரபுக்களும் சீமாட்டிகளும் தம்மை எழுதுமாறு அவரிடம் வந்தனர். இந்நிலையில், 1792ஆம் ஆண்டின் இறுதியில், தென்னாட்டிற் பயணஞ் செய்துகொண்டிருந்தபோது கொடிய நோயொன்று அவரைப் பற்றியது. காடிஸ் நகரில் நண்பரொருவர் இல்லத்திற் பல மாதம் படுக்கையாய்க் கிடந்தார். அந்நோய் யாது என்பதில் மருத்துவ அறிஞர் இன்றும் வேறுபடுவர். உயிர் தப்பியது, செவி தப்பவில்லை. நாற்பத்தேழாம் வயதில் உலகின் ஓசை முழுவதும் அவரைவிட்டு நீங்கியது. எஞ்சிய முப்பத்தைந்து ஆண்டும் அவர் கேளாச் செவியினராகவே வாழ்ந்தார்.

ஓசை நீங்கிய உலகில் மனிதர் வாயசைவதும் கையசைவதும் முகங் கோணுவதும் மட்டுமே எஞ்சும். சபையிற் சிரிப்போர் எதற்குச் சிரிக்கின்றனர் என்று தெரியாது. சிரிக்கும் முகம் மட்டுந் தெரியும். கோயாவின் பின்னைய படங்களில் மாந்தர் முகங்கள் முகமூடிகள்போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

1799ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 6ஆந் திகதி, மட்ரிட் நகரப் பத்திரிகையொன்றில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. மனிதரின் மடமைகளையும் தீயொழுக்கங்களையும் கண்டிக்கும் 80 படங்கள் கொண்ட தொகுதி விற்பனைக்கு உண்டு. தனி மனிதர் எவரையும் அது இகழவில்லை. விலை 320 ரெயால். விற்கும் இடம் வாசனைத் திரவியமும் மதுவும் விற்கும் ஒரு கடை. அக்கடை இருந்த வீதியின் பெயர், மயக்கம் நீங்குதல் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். இத்தொகுதியே காப்ரிச்சோஸ் எனப் புகழ்பெற்றது. பணத்துக்காகப் பெண்ணை மணஞ்செய்து கொடுப்போர், நோயாளியின் நாடியைப் பார்க்கும் கழுதை வைத்தியன், மாணாக்கனுக்கு எழுத்துக் கற்பிக்கும் கழுதை உபாத்தியாயன், சூனியக்காரிகள் என்று நாட்டின் மூடமெல்லாம் அங்கே வரிசையாக வரும். எங்கள் தொழிலையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனிக்க. நாற்பத்துமூன்றாவது படத்தில் ஓவியன் மேசைமேற் கவிழ்ந்து உறங்குகின்றான். அவன் பின்னே ஆந்தைகளும் வௌவால்களும் எழுகின்றன. அறிவு உறங்கினாற் பேய்கள் பிறக்கும் என்பது அதன் கருத்து.

இத்தொகுதியில் அவர் கோட்டோடு நில்லாது அக்குவாடின்ற் என்னும் உபாயத்தையும் விரிவாகக் கையாண்டார். பிரான்சிலே 1760களில் லெ பிரான்ஸ் என்பவர் இதனைச் சிறப்புறக் கையாண்டு பரப்பியிருந்தார். தகட்டின்மேல் குங்கிலியம் போன்ற பிசினின் நுண்தூளைத் தூவிச் சூடேற்றினால், ஒவ்வொரு துகளும் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். திராவகத்தில் இட்டதும், துகள் மூடிய இடம் தப்பும். துகள்களுக்கு இடைப்பட்ட இடம் அரிபடும். எண்ணற்ற நுண்பள்ளங்கள் உண்டாகும். அவற்றில் மசி நின்றால், கோடின்றியே சாம்பல் நிறமோ கருநிறமோ ஒரு பரப்பு முழுதும் பரவும். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தை முன்னரே வார்னிசு பூசிக் காத்துக்கொள்வர். இரவை எழுதுவதற்கு இதனினும் தக்க வழி அக்காலத்துச் செப்புத் தகட்டில் இல்லை.

தொகுதி விற்கவில்லை. சில ஆண்டுகளில் விலைபோனவை 27 மட்டுமே. சமய விசாரணை மன்றத்தின் அச்சமும் சூழ்ந்தது. 1803இல் எண்பது தகடுகளையும் விற்காத 240 தொகுதிகளையும் கோயா அரசனுக்கே காணிக்கையாக்கினார். கைம்மாறாகத் தம் மகன் ஹாவியருக்கு உபகாரச் சம்பளம் பெற்றார். அவருக்குப் பிறந்த பிள்ளைகளுள் வளர்ந்து நிலைத்தவர் ஹாவியர் ஒருவரே. அரசின் மூடங்களை எள்ளிய தகடுகள் அரசின் பெட்டகத்துள்ளேயே பாதுகாப்புப் பெற்றன. அதே 1799ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 50,000 ரெயால் வேதனத்தோடு கோயா முதலாம் அரண்மனை ஓவியராக உயர்த்தப்பட்டார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும்.

பெட்டிக்குள் கிடந்த சாட்சியம்

1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுட் புகுந்தது. மே மாதம் 2ஆந் திகதி மட்ரிட் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அன்றிரவும் மறுநாட் காலையும் அகப்பட்டோரைப் படையினர் சுட்டுக் கொன்றனர். நெப்போலியனின் தமையன் யோசேப்பு அரியணை ஏறினான். ஆறாண்டு யுத்தம், இடையே 1811இலும் 1812இலும் தலைநகரிற் கொடும் பஞ்சம். அவ்வாண்டிலேயே மனைவி ஹோசேபாவும் மறைந்தாள்.

இக்காலத்துக் கோயாவின் ஒழுக்கம் எளிதில் தீர்ப்பளிக்கக் கூடியதன்று. அந்நிய அரசனுக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்தார். 1811இல் அவ்வரசனின் பதக்கத்தையும் பெற்றார். 1810 முதல் தம் அறையில் மறைவாக வேறொரு வேலை செய்தார். தூக்கிலிடப்பட்டோர், துண்டாடப்பட்டோர், பெண்களைக் காக்கப் பெண்களே ஈட்டி ஏந்துதல், பஞ்சத்திற் செத்தோரை வண்டியில் ஏற்றுதல் என்று 82 தகடுகள். ஒரு படத்தின் கீழ், இதனைத் தம் கண்ணாலேயே கண்டதாகப் பொறித்திருக்கின்றார். கொன்றவர் பிரான்சியராயினும் ஸ்பானியராயினும் அவர் ஊசி வேற்றுமை காட்டவில்லை. யுத்த காலத்தில் நல்ல செம்பு கிடைப்பது அரிதாயிற்று. முன்னே தாம் அழகாக எழுதியிருந்த இயற்கைக் காட்சித் தகடுகள் இரண்டை நடுவே வெட்டி, அவற்றின் பின்புறத்தில் இக்கொடுமைகளை எழுதினார். ஒரு புறம் மரமும் அருவியும், மறுபுறம் பிணம்.

இத்தகடுகளை அவர் வாழ்நாளில் வெளியிடவில்லை. செயான் பெர்மூதெஸ் என்னும் நண்பருக்குக் கொடுத்த முழுத் தொகுதியொன்று இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. உலகம் அவற்றைக் கண்டது 1863இல். கலைக்கழகம் அவற்றுள் 80ஐப் பதிப்பித்தபோது. அப்பொழுது கோயா இறந்து 35 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதனைக் கோழைமை என்போர் உளர்; விவேகம் என்போரும் உளர். வேதனம் பெற்று வாழும் உபாத்தியாயனாகிய நான் இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாதவன். பாடத்திட்டத்துள் அடங்கும் உண்மையை வகுப்பிலே சொல்கின்றோம். அடங்காததைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்கின்றோம். எம்மிற் சிலர் அதனையும் எழுதுவதில்லை. கோயா எழுதினார். கேட்பார் இல்லாதபோதும், அகப்பட்டால் ஆபத்தென்று அறிந்தபோதும், செம்பைத் தேடி வெட்டி எழுதினார். உடனே சபையேறாத சாட்சியமும் சாட்சியமே. அதனை அழியாது காத்து வைப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

கருமையிலிருந்து தொடங்குதல்

1814இல் ஏழாம் பேர்டினாந்து அரியணைக்கு மீண்டான். மக்களுக்கு உரிமை வழங்கிய 1812ஆம் ஆண்டு யாப்பை ஒழித்தான். சமய விசாரணை மன்றத்தை மீண்டும் நிறுவினான். அந்நியனுக்கு ஊழியஞ் செய்தோர் யார் என்ற விசாரணை நடந்தது. கோயா அதிலிருந்து மீண்டார். அவர் எழுதிய ஆடையற்ற பெண்ணின் ஓவியத்துக்காக 1815இல் விசாரணை மன்றமும் அவரை அழைத்தது. யுத்தம் முடிந்தும் இருள் நீங்காத இக்காலத்திலேயே, 1818க்கு முன்னாக, பேருருவன் படம் பிறந்திருக்கவேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இப்படத்தை நெருங்கி நோக்கினால், மற்றைப் படங்களிற் காணும் ஊசிக் கோடு இதில் உருவத்தை வரையவில்லை என்பது புலனாகும். எல்லைக் கோடே இல்லை. முன்னாளில் இதனை மெசோடின்ற் என்னும் வகையைச் சேர்த்து எண்ணினர். பற்கள் கொண்ட கருவியால் தகடு முழுவதையும் கரடாக்கி, பின் தேய்த்து ஒளியை உண்டாக்கும் பழைய முறை அது. கோயா கருவியாற் கரடாக்கவில்லை. அக்குவாடின்ற் முறையால் தகடு முழுவதையும் திராவகத்தால் அரிக்கவிட்டார். அந்நிலையில் அத்தகட்டைப் பதித்திருந்தால் தாள் முழுவதும் கருமை ஒன்றே தோன்றியிருக்கும். வானமில்லை, மண்ணில்லை, மனிதனில்லை.

அக்கருமையை அவர் சுரண்டுகருவியாற் சுரண்டினார், மெருகுகருவியால் தேய்த்தார். நுண்பள்ளங்கள் ஆழங் குறையுந்தோறும் மசி குறைவாகத் தங்கும், கருமை சாம்பலாகும். முற்றத் தேய்ந்து வழவழப்பான இடத்தில் மசியே நில்லாது. அங்கே தாளின் வெண்மை வெளிப்படும். இங்ஙனம் தேய்த்துத் தேய்த்தே முதுகு வந்தது, தோள் வந்தது, திரும்பிய முகம் வந்தது, பிறை வந்தது. சாதாரணச் செப்புத் தகட்டுப் படத்தில் ஓவியன் வெண்மையிலிருந்து தொடங்கிக் கருமையைச் சேர்க்கின்றான். இப்படத்திலோ இருள்தான் முதல். ஒளி உழைப்பினால் வந்தது. அது விளக்கேற்றுவாரின் வேலையன்று, பாசி படிந்த பாத்திரம் துலக்குவாரின் வேலை.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. தேய்த்து உண்டாக்கிய மென்மையான நிறபேதங்கள் அச்சியந்திரத்தின் அழுத்தத்தில் விரைவில் தேய்ந்துபோகும். ஆயிரம் பிரதி எடுக்க இது ஏற்ற வழியன்று. பிரதியொன்றில் எழுதப்பட்ட பழைய குறிப்பு, மூன்று பதிப்பு எடுத்ததும் தகடு உடைந்துபோயிற்று என்று கூறுகின்றது. ஆனால் இன்று அறியப்பட்ட பிரதிகள் ஆறு. ஆகையால் அவ்வெண்ணிக்கையை அப்படியே கொள்வதற்கில்லை. நியூயோர்க், பொஸ்டன், பாரிசு, மட்ரிட் முதலிய நகரங்களின் சேகரங்களில் அவை பாதுகாக்கப்படுகின்றன. தகடு இல்லை. எண்பது படங்களை விளம்பரஞ் செய்து விற்க முயன்ற மனிதர், இம்முறை விற்பனைக்கே உதவாத ஒரு வழியைத் தெரிந்தெடுத்தார்.

உரைகள் பல

இனிப் பொருள் கூறுவாரைக் கேட்போம். பேருருவன் நாட்டைக் காக்க எழும் ஸ்பானிய மக்களின் ஆன்மா என்பர் ஒருசாரார். யுத்தமே மனித வடிவங்கொண்டு ஊர்மீது அமர்ந்தது என்பர் மற்றொருசாரார். தனிமையும் துயரமுமே உருவெடுத்தன என்பாரும், செவியிழந்த ஓவியர் தம்மையே எழுதினார் என்பாரும் உளர். பிராடோ நூதனசாலையில் பெரிய வண்ண ஓவியமொன்று உண்டு. மலைக்கப்பால் ஒரு பேருருவன் எழ, மாந்தரும் மாடுகளும் சிதறி ஓடுங் காட்சி. நெடுங்காலம் அதனைக் காட்டியே இச்சிறு படத்துக்குப் பொருள் கூறிவந்தனர். 2009இல் அந்நூதனசாலையாரே அவ்வோவியம் கோயாவின் கைவண்ணம் அன்று என்று முடிவுரைத்தனர். 2021இல் அவருடையதாகக் கருதப்படுவது என்று மீண்டும் பெயர்ப்பலகையை மாற்றினர். ஊன்றுகோலாகப் பிடித்த கம்பே ஆடிற்று.

தமிழ் கற்றோர்க்கு இந்நிலை புதியதன்று. ஒரு சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஒன்று கூற, நச்சினார்க்கினியர் வேறொன்று கூறுவதை நாள்தோறும் காண்கின்றோம். அகப்பாட்டில் உள்ளுறையும் இறைச்சியும் வைத்தார் தொல்லாசிரியர். அவை சொல்லில் வெளிப்பட நில்லா. நிலத்தையும் பறவையையும் நீரையும் சொல்லி, மனத்தை உய்த்துணர விடுவன. உய்த்துணர்வதற்கு இடம் வைத்த பாட்டு குறைபாடுடைய பாட்டன்று. கோயா தம் தொகுதிகளிலுள்ள படங்களின்கீழ் எள்ளலும் கண்டனமுமாகச் சொற்களைப் பொறித்தவர், சொல் அறியாதவரல்லர். இதன்கீழ் அவர் ஒன்றும் பொறிக்காமல் விட்டதை நாமும் மதித்தல் தகும்.

ஆயினும் கண்ணுக்குத் தெரிவதைக் கூறலாம். அவன் திரும்பியிருக்கும் வகை, பின்னே எழுந்த ஓசையொன்றைக் கேட்டுத் திரும்புவார் வகை. ஓசையே கேளாத ஒருவர், ஓசை கேட்டவன்போல் ஓர் உருவத்தைத் தேய்த்தெடுத்திருக்கின்றார். அவன் நோக்கும் பொருள் படத்துக்கு வெளியே உள்ளது. இதற்குமேல் நான் உரை கூறேன்.

கல்லிலும் அதே கை

1819இல் மட்ரிட் நகருக்கு வெளியே ஒரு வீட்டை வாங்கினார். செவிடனின் தோட்டவீடு என்று அயலார் வழங்கிய பெயர், முன்னே அங்கு வாழ்ந்த வேறொருவரைப் பற்றியது என்பர். கோயாவுக்கும் அது பொருந்திற்று. அவ்வீட்டுச் சுவர்களில் எவரும் கேளாமலே 14 கரிய ஓவியங்களை எழுதினார். பொருள் விளங்காப் படங்கள் கொண்ட மற்றொரு செப்புத் தகட்டுத் தொகுதியும் இக்காலத்ததே; 22 தகடுகள். அதுவும் பெட்டியிற் கிடந்து, 1864இலும் அதன் பின்னருமே வெளிவந்தது.

அரசனின் கொடுமை மிக, 1824இல், தம் எழுபத்தெட்டாம் வயதில், கோயா நாட்டை நீங்கிப் பிரான்சிலே போர்தோ நகரை அடைந்தார். அங்கே கல்லச்சு என்னும் புதிய தொழில் அவர் மனத்தைக் கவர்ந்தது. 1825இல் காளைப்போர் பற்றி நான்கு பெரிய படங்களைக் கல்லில் எழுதினார். நூறு பிரதிகள் அச்சிடப்பட்டன. அவர் அக்கல்லைக் கையாண்ட வகையை அவருடைய பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் கூறியுள்ளார். கல்லைச் சட்டத்தில் நிமிர்த்தி வைத்து, பார்வை குன்றியமையால் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, முதலில் கல் முழுவதிலும் சாம்பல் நிறம் பூசுவார். பின்னர் ஒளி தோன்றவேண்டிய இடங்களைச் சுரண்டி எடுப்பார். ஓர் இடத்தில் தலை, ஓர் இடத்திற் குதிரை, ஓர் இடத்திற் காளை. செம்பு கல்லாயிற்று, கை மாறவில்லை.

1828ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 16ஆந் திகதி, எண்பத்திரண்டாம் வயதில் அந்நகரிலேயே காலமானார். பின்னொரு காலத்திற் கல்லறையைத் திறந்தபோது உடல் இருந்தது, தலை இல்லை. யார் எடுத்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை. எஞ்சிய என்புகள் 1899இல் ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டு, 1919 முதல் மட்ரிட்டிலுள்ள சான் அந்தோனியோ சிற்றாலயத்தில், 1798இல் அவரே எழுதிய விதானத்தின்கீழ் அடக்கமாயின.

நான்கு அரசர்க்கு ஊழியஞ் செய்து, அவர்தம் முகங்களையும் பதக்கங்களையும் எழுதிய கோயாவை நூதனசாலைகளிற் காணலாம். ஒருவருக்கும் ஊழியஞ் செய்யாத கோயா இச்சிறு தாளில் இருக்கின்றார். கருமை முழுதும் பரந்த செம்பின்முன் முதியவர் ஒருவர் தனித்திருந்து, ஓசையில்லாத அறையில், விற்குமா, பிறர் காண்பரா என்று எண்ணாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். பேருருவன் காப்பவனா அழிப்பவனா என்று நாம் வாதிடலாம். அவன் முதுகில் விழும் ஒளி ஓரங்குலம் ஓரங்குலமாகக் கையுழைப்பாற் பெற்றது என்பதில் வாதமில்லை. நூலொன்றில் அப்படத்தின் படியைக் காண வாய்க்கும் அன்பர்கள், முகத்தை நோக்குமுன் அவ்வொளியின் விளிம்பைச் சற்று நோக்குவாராக; இருள் எங்கே முடிந்து ஒளி எங்கே தொடங்குகின்றது என்று சொல்ல முடியாதபடி அது தேய்க்கப்பட்டிருக்கின்றது.